அருகும் தூரமும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் துவக்கும் குறியும்

மட்டக்களப்பில் துப்பாக்கியைத் துவக்கு என்பார்கள். துப்பாக்கி, துவக்கு ஆகிய இரு சொற்களும் துருக்கியரின் 'துஃபெக்' என்ற ஒரே வேரிலிருந்து பாரசீக, உருது வழியாகத் தமிழுக்கு வந்தவை என்று கொள்ளப்படுகிறது. குழல்வாயில் மருந்தை இடித்து நிரப்பும் பழைய துவக்கு 'இடியன்'. விலங்கு நடக்கும் தடத்தில் மரத்தோடு பிணைத்து, குறுக்கே இழுத்த நூலில் கால் பட்டதும் வெடிக்கும்படி வைப்பது 'கட்டுத்துவக்கு'. துவக்கு எப்படி நிரப்பப்படுகிறது, எங்கே கட்டப்படுகிறது என்பதை இந்தப் பெயர்கள் சொல்கின்றன. எவ்வளவு தொலைவுக்குச் சுடும் என்பதைப் பற்றி அவற்றில் ஒன்றுமில்லை.

இக்கட்டுரையின் கேள்வி இந்த மௌனத்திலிருந்துதான் பிறக்கிறது. கைத்துப்பாக்கியால் 50, 100, 200 மீற்றர் தொலைவில் குறிவைத்துச் சுடுவது கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் உலகின் வேறு பகுதிகளில் பொழுதுபோக்காகவும் கடும் பயிற்சியாகவும் வளர்ந்தது. வாவிக்கரையோ ஏறத்தாழ 400 ஆண்டுகளாகத் துவக்கை அறிந்த நிலம். அப்படியிருந்தும் தூரத்துக் குறி இங்கே ஒரு கலையாக ஏன் உருவாகவில்லை?

போர்த்துக்கேயர் மட்டக்களப்பு வாவியிலுள்ள புலியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். பத்தாண்டுகளில் அது கைமாறியது. 1638 மே மாதம் ஒல்லாந்துத் தளபதி அடம் வெஸ்டர்வோல்ட், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து முற்றுகையிட்டு, மே 18ஆம் திகதி கோட்டையைப் பிடித்தார். ஐந்து நாட்களின் பின் மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையிலான உடன்படிக்கை மட்டக்களப்பிலேயே கைச்சாத்தானது. அந்த முற்றுகையில் தூரத்தைக் கடந்தது பீரங்கி. கையில் ஏந்திய துவக்கு அக்காலத்தில் அருகாமையின் ஆயுதமாகவே இருந்தது. உருண்டைக் குண்டு வழுவழுப்பான குழலுக்குள் தளர்வாகவே அமரும். இருபுறமும் தட்டித் தட்டி வெளியேறும் அது நூறு மீற்றருக்கு அப்பால் எங்கே போகும் என்று சுட்டவனாலும் சொல்ல முடியாது. குழலின் உட்புறம் திருகுவரி வெட்டப்பட்ட ரைபிள் பரவலான 19ஆம் நூற்றாண்டில்தான் இந்த நிலை மாறியது. அந்த மாற்றம் வெள்ளையரின் கைகளுக்கு வந்தது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை விவசாயியின் கையில் இடியனே தங்கியது.

இடியன் தங்கியதற்கு வறுமை ஒரு காரணம்தான், முழுக்காரணம் அல்ல. இந்தப் பகுதியின் வேட்டைத் திறமை முழுவதும் இடைவெளியைக் குறைப்பதிலேயே வளர்ந்தது என்பது என் கருத்து. வேடர் வில்லோடு சென்றபோதும் அவர்களின் சிறப்பு காற்றின் திசை அறிந்து, சருகு நொறுங்காமல் நடந்து, விலங்கின் மூச்சுக் கேட்கும் அளவுக்கு நெருங்குவதில் இருந்தது. 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய நூல், கிழக்குக் கரையோர வேடருக்கும் தனி இடம் தருகிறது. ஏறாவூர்ப் பணிக்கர் இன்னும் ஒருபடி மேலே போனவர்கள். காட்டு யானையைப் பின்தொடர்ந்து நடந்தே சென்று, கயிற்றுச் சுருக்கை அதன் பின்னங்காலில் மாட்டிப் பிடித்தவர்கள் அவர்கள். யானையின் காலுக்கு ஒரு கை தூரத்தில் நிற்கத் தெரிந்தவனுக்கு நூறு மீற்றர்க் குறி எதற்கு? 1850களில் இலங்கை வேட்டை அனுபவங்களை எழுதிய சாமுவேல் பேக்கர் கனத்த ரைபிள்களை வைத்திருந்தவர். அவரும் யானையைச் சில அடிகளுக்குள் நெருங்கி நெற்றியில் சுடுவதையே வழக்கமாக்கிக்கொண்டார்.

வயலிலும் இதே கதைதான். வெள்ளாமைக் காலத்தில் பன்றியும் யானையும் வரும் இரவுகளில் காவல் பரணில் விழித்திருப்பவனுக்கு நிலவொளியில் தெரிவது முப்பது, நாற்பது அடி. மருந்தும் ஈயமும் காசு. ஒரு வெடி வீணானால் அடுத்ததை இடித்து நிரப்புவதற்குள் பன்றி அடுத்த வரம்பைக் கடந்துவிடும். பயிற்சிக்காக வெடி வைப்பது அந்தப் பொருளாதாரத்தில் நினைத்துப் பார்க்க முடியாத ஆடம்பரம். கட்டுத்துவக்கு இந்தத் தர்க்கத்தின் கடைசி முனை. அங்கே தூரமே இல்லை, குறிவைக்கும் கண்ணும் இல்லை. சட்டவிரோதமான இந்தப் பொறியால் விறகுக்கும் தேனுக்கும் போன மனிதர்கள் கால் இழந்திருக்கிறார்கள், உயிரும் இழந்திருக்கிறார்கள். யார் மீது வெடிக்கிறது என்று பார்க்காத ஆயுதத்தை வேட்டைக் கருவி என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்கை அனுமதிப் பத்திரத்தோடு பிணைத்தது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையின் எல்லையைக் குறுக்கியது. இந்தச் சட்டங்களின் நிழலில் பயிர்க்காவலுக்கான துவக்குக்கு ஓர் இடம் இருந்தது. கைத்துப்பாக்கிக்கு விவசாயியின் வாழ்வில் இடமே இருக்கவில்லை.

இதே காலத்தில் வேறிடங்களில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிஸ்டல் போட்டிகள் 25, 30 மீற்றரில் நடந்தன. 1900 பாரிஸில் அது 50 மீற்றர் ஆனது. ஒற்றைக் கையை நீட்டி, எதிலும் சாயாமல், அறுபது குண்டுகள். நடுவட்டத்தின் விட்டம் 50 மில்லிமீற்றர். 1980 மொஸ்கோவில் சோவியத் வீரர் அலெக்சாண்டர் மெலென்தியேவ் 600க்கு 581 எடுத்தார். அந்தச் சாதனை 34 ஆண்டுகள் நின்று, 2014 கிரனாடா உலகப் போட்டியில் தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ எடுத்த 583ஆல் முறிந்தது. அதே போட்டியில் இரண்டாமிடம் பெற்றவர் இந்தியாவின் ஜீத்து ராய். அதே ஆண்டு இன்சியோன் ஆசிய விளையாட்டில் 50 மீற்றர்த் தங்கமும் அவருடையது. 2016 ரியோவுக்குப் பின் இந்தப் போட்டி ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. கைத்துப்பாக்கிக் கலையின் மிகக் கடினமான பாடத்தை ஒலிம்பிக் இழந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

அமெரிக்காவில் பாதை வேறு. 1935இல் .357 மேக்னம் தோட்டாவும் 1950களின் நடுவில் .44 மேக்னமும் வந்தன. எட் மக்கிவர்ன் ரிவால்வரால் 600 யார் தொலைவில் ஆளுருவக் குறிகளைச் சுட்டுப் பார்த்துத் தம் 1938ஆம் ஆண்டு நூலில் பதிந்தார். எல்மர் கீத் போன்ற பண்ணைக்காரர்கள் மலைச்சரிவில் கிடக்கும் பாறையைக் குறியாக வைத்துப் பொழுதைக் கழித்தார்கள். மெக்சிக்கோவில் ரைபிளுக்கென 1940களில் பிறந்த உலோக உருவப் போட்டி, 1970களில் கைத்துப்பாக்கிக்கும் பரவியது. 50 மீற்றரில் கோழி, 100இல் பன்றி, 150இல் வான்கோழி, 200இல் செம்மறிக் கடா. எல்லாம் இரும்புத் தகட்டில் வெட்டிய உருவங்கள். குண்டு பட்டால் மட்டும் போதாது, உருவம் சாய்ந்து விழவேண்டும்.

இதில் பயிற்சி எங்கே இருக்கிறது? கணக்கு எளிது. முன் குறிமுனைக்கும் பின் குறிப்பள்ளத்துக்கும் இடையில் 15 சென்ரிமீற்றர் உள்ள ஒரு பிஸ்டலில், முன்முனை ஒரேயொரு மில்லிமீற்றர் விலகினால் 10 மீற்றரில் பிழை ஏழு சென்ரிமீற்றருக்குள் அடங்கும். 100 மீற்றரில் அது 67 சென்ரிமீற்றர். அருகில் மன்னிக்கப்படும் விரல் நடுக்கம் தூரத்தில் அம்பலமாகிறது. புவியீர்ப்பும் கூடச் சேர்கிறது. 25 மீற்றருக்குச் சரிசெய்த ஒன்பது மில்லிமீற்றர்க் குண்டு 100 மீற்றரில் ஒரு சாணுக்கு மேல் தாழும். 200இல் அந்தத் தாழ்வு ஓர் ஆள் உயரத்தை நெருங்கும். எங்கே பிடித்தால் எங்கே விழும் என்பதை உடம்பே கற்றுக்கொள்ள ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் தேவை. ஓய்வும் பணமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குறிக்குப் பின்னால் குண்டை விழுங்கிக்கொள்ள ஒரு மண்மேடு வேண்டும்.

வாவிக்கரையில் இல்லாதது அந்த மேடுதான். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளும் நீர், அதன் இருபுறமும் தட்டை வயல், கரையோரம் தென்னந்தோப்பு. குடும்பிமலை போன்ற உயரங்கள் உள்நாட்டில் தள்ளி நிற்கின்றன. பிஸ்டல் குண்டு ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேலும் பறக்கக் கூடியது. தாழ்ந்த கோணத்தில் நீரில் பட்டால், சிறுவர் எறியும் ஓட்டாஞ்சில்லுப் போல அது துள்ளித் தொடரும். கிழக்கேயுள்ள எழுவான்கரையில் நின்று படுவான்கரைப் பக்கம் சுட்டால் இடையில் வலை வீசும் தோணிக்காரர் இருக்கிறார். இந்த நிலத்தின் அமைப்பே தூரச் சுடுதலை மறுக்கிறது.

உள்நாட்டுப் போர் இன்னொரு மறுப்பை எழுதியது. முப்பது ஆண்டுகளில் கைத்துப்பாக்கி இங்கே மிகக் குறுகிய தூரத்தின் ஆயுதமாயிற்று: வீட்டுப்படலை, சந்தி, சைக்கிளின் பின்னிருக்கை. 'பிஸ்டல் குழு' என்ற சொல் ஊர்ப்பேச்சில் சேர்ந்தது. 2005 டிசம்பர் 25ஆம் திகதி நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தைக் கடந்துவந்த ஒரு தலைமுறையிடம் சுடுதல் ஒரு விளையாட்டு என்று சொல்லும்போது ஆய்வாளனின் குரல் தாழத்தான் வேண்டும். அவர்களின் செவியில் அந்த ஒலிக்கு வேறு பொருள் உண்டு.

இலங்கையில் விளையாட்டாகச் சுடுதல் இல்லாமல் இல்லை. 2012 லண்டனில் மங்கள சமரக்கோனும், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெலவும் ரைபிள் போட்டிகளில் நாட்டுக்காக நின்றார்கள். போட்டியாளர்களில் பெரும்பாலோர் முப்படைகளிலும் பொலிஸிலும் இருந்து வருகிறார்கள், ஏனெனில் சுடுதளங்கள் அங்கேதான் இருக்கின்றன. மட்டக்களப்பின் பாடசாலை மைதானம் ஒன்றில் இது தொடங்குமானால் அது 10 மீற்றர் காற்றுப் பிஸ்டலாகவே இருக்க முடியும். ஒரு மண்டபமும் பின்சுவரும் அதற்குப் போதும். வெடிமருந்து இல்லை, காதைப் பிளக்கும் ஓசையும் இல்லை. 11.5 மில்லிமீற்றர் நடுவட்டம், 50 மீற்றர்ப் போட்டி கேட்ட அதே அசையாத கையைத்தான் கேட்கிறது.

படுவான்கரையில் இன்றும் இரவில் வெடியோசை கேட்கிறது. பெரும்பாலும் அது யானை வெடி. வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் அந்த வெடியைத் திரியில் நெருப்பு வைத்து எறிகிறார்கள், இருட்டில் அசையும் கரிய உருவத்தை நோக்கி, கை வீசும் தூரத்துக்கு.