வாசிக்கத் தடுமாறும் குழந்தைகளும் பயிற்சி பெற்ற ஆசிரியரும்

பள்ளி நாள்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி என்று சொல்லும் குழந்தைகளைப் புறநோயாளிப் பிரிவில் நாங்கள் காண்பதுண்டு. பரிசோதனையில் உடல்நோய் எதுவும் தென்படுவதில்லை. நிதானமாக விசாரித்தால், அவர்களுள் சிலர் வகுப்பில் உரக்க வாசிக்க அஞ்சுகிறார்கள் என்பது தெரியவரும். அத்தகைய குழந்தைக்கு வேண்டியது மருந்து அன்று. வாசிப்பைப் படிப்படியாகக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியரே. அக்கற்பித்தல் எவ்வாறு அமையும், அதனை எங்கே கேட்டுப் பெறலாம் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

டிஸ்லெக்சியா என்றால் என்ன?

எழுத்தையும் அதற்குரிய ஒலியையும் விரைவாக இணைப்பதில் ஏற்படும் சிரமமே டிஸ்லெக்சியா. இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. ஒரே குடும்பத்தில் பலருக்குக் காணப்படலாம். இது அறிவுக் குறைவும் அன்று, சோம்பலும் அன்று, உங்கள் வளர்ப்பின் பிழையும் அன்று.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

• இரண்டாம் வகுப்பு முடிந்த பின்னும் எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாமை
• முதல் எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்லை ஊகித்தல்
• வாய்மொழியாக நன்கு விடை கூறியும் எழுத்தில் தடுமாறுதல்
• ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் பலவிதமாகப் பிழைபட எழுதுதல்

முதலில் பார்வையையும் செவித்திறனையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அவற்றில் குறை இருப்பின் அதற்குரிய சிகிச்சை தேவை. நினைவாற்றல் டானிக்கும் வண்ணக் கண்ணாடியும் டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அவற்றில் கழியும் ஆண்டுகளே குழந்தைக்கு நேரும் பெரிய இழப்பாகும்.

முறைப்படுத்தப்பட்ட வாசிப்புக் கற்பித்தல்

1930களில் அமெரிக்காவில் நரம்பு மனநல மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனின் ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு, கல்வியாளர் அன்னா கில்லிங்ஹாம் ஒரு கற்பித்தல் முறையை உருவாக்கினார். இன்றுள்ள பல முறைகளுக்கு அதுவே வேர். இதில் எதுவும் ஊகத்திற்கு விடப்படுவதில்லை. எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் வரிசையில் ஒவ்வோர் ஒலியும் எழுத்தும் வெளிப்படையாகக் கற்பிக்கப்படும். கற்றது மீண்டும் மீண்டும் பயிலப்படும். குழந்தை ஒலியைக் கேட்டு, எழுத்தைக் கண்டு, வாயால் சொல்லி, கையால் எழுதிப் பழகும்.

தமிழில் இதற்குத் தனிக் கவனம் தேவை. 247 எழுத்துகளையும் மனப்பாடம் செய்வதைவிட, மெய்யும் உயிரும் சேரும் விதத்தைப் புரிந்துகொள்வது பயன்தரும். ‘கெ’ என்பதில் மெய்யொலி முதலில் வரினும், கொம்பு அதற்கு முன்னே எழுதப்படுகிறது. ‘கொ’ என்பதில் குறிகள் இருபுறமும் நிற்கின்றன. ‘பால்’, ‘தம்பி’ ஆகிய சொற்களில் பகர ஒலி வேறுபடுகிறது. ல, ள, ழ ஆகியவை பேச்சில் பலருக்கு ஒன்றாகவே ஒலிக்கின்றன. இவை ஒவ்வொன்றும் குழந்தை தடுக்கி விழும் இடம். பயிற்சி பெற்ற ஆசிரியர் அவ்விடத்தை அறிந்து, ‘கல்’, ‘பல்’ போன்ற எளிய சொற்களிலிருந்து தொடங்குவார்.

ஆசிரியர் பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு நாள் சொற்பொழிவு போதாது. மொழியின் ஒலியமைப்பு, பிழைகளைக் கொண்டு குழந்தையின் நிலையைக் கணித்தல், பாடத்தை வரிசைப்படுத்துதல் ஆகியவற்றை ஆசிரியர் கற்க வேண்டும். பின்னர் குழந்தைகளோடு பாடம் நடத்தி, அதனை நேரில் கண்ட பயிற்றுநரிடம் திருத்தம் பெற வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்கநிலை ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் கற்கின்றனர். இத்திட்டம் எல்லாக் குழந்தைகளுக்குமானது. பிறர் முன்னேறிய பின்னும் உங்கள் குழந்தை அரும்பு நிலையிலேயே நின்றால், மேலும் காத்திராமல் சிறப்பாசிரியரின் உதவியைக் கேளுங்கள்.

ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை

• என் குழந்தைக்கு எந்த எழுத்துகளும் குறிகளும் உறுதியாகத் தெரிகின்றன?
• வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம் தனியாகவோ சிறு குழுவாகவோ கற்பிக்கப்படும்?
• முன்னேற்றம் எவ்வாறு அளவிடப்படும்?
• பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியரை நான் எப்போது சந்திக்கலாம்?

இக்கேள்விகளைக் குறைகூறும் தொனியின்றிக் கேளுங்கள். பெரிய வகுப்பைத் தனியாக நடத்தும் ஆசிரியருக்கும் துணை தேவைப்படுகிறது.

சட்டம் தரும் உரிமை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 வகை குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. அதனை விரைவில் கண்டறிந்து தக்க கற்பித்தல் வழிகளை மேற்கொள்ள வேண்டும் என்று அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. எனவே நீங்கள் கேட்பது சலுகை அன்று. மதிப்பீட்டிற்கு மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தையோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். தேர்வுச் சலுகைகளுக்குச் சான்றிதழ் தேவைப்படும். ஆனால் கற்பித்தல் உதவியைத் தொடங்கச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

• நாள்தோறும் பத்து நிமிடம் குழந்தைக்குக் கதை வாசித்துக் காட்டுங்கள்.
• தவறிய சொல்லை நூறு முறை எழுதச் சொல்லாதீர்கள். ஒலி ஒலியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள்.
• உடன்பிறந்தாரோடு ஒப்பிடாதீர்கள்.
• ஓவியம், விளையாட்டு, கைத்தொழில் போன்று குழந்தை திறம்படச் செய்வதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

பள்ளி செல்ல மறுத்தல், தூக்கமின்மை, தொடர்ந்த சோர்வு ஆகியவை காணப்பட்டால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும். “நான் எதற்கும் உதவாதவன்” என்று குழந்தை மீண்டும் மீண்டும் சொன்னாலும் தாமதிக்க வேண்டாம். முன்னர் நன்கு வாசித்த குழந்தை திடீரெனத் தடுமாறினால் உடனடியாகப் பரிசோதனை தேவை.

டிஸ்லெக்சியா வாழ்நாள் முழுவதும் உடனிருக்கலாம். ஆயினும் தக்க கற்பித்தல் கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் வாசிப்பில் முன்னேறுகிறார்கள். இளம் வயதிலேயே தொடங்கினால் பயன் கூடும். பிந்திவிட்டது என்று எண்ணி எந்த வயதிலும் கைவிட வேண்டியதில்லை.