பெட்ரோல் வரலையா, ஓவரா வருதா?

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி திக்கித் திணறி ஆஃப் ஆகிறதா? கார்பரேட்டர் காலத்து மெக்கானிக் முதலில் தெரிந்துகொள்ளப் பார்ப்பது ஒன்றைத்தான்: பெட்ரோல் வரலையா, இல்ல ஓவரா வருதா? வெளியே தெரிகிற கோளாறு ஏறக்குறைய ஒன்றே, வைத்தியம் நேரெதிர். சைலன்சரில் கறுப்புப் புகை, பிளக்கில் கரி என்றால் ஓவர். பிளக் வெளுத்திருந்தால் பற்றாக்குறை.

1940-இல் பிரிட்டிஷ் விமானிகளுக்கு இந்தக் கேள்வி உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டிலும் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின். அதற்கு எஸ்.யு. கம்பெனி கார்பரேட்டர். ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் ஃப்யூயல் இஞ்செக்ஷன். அவன் மூக்கைத் தடாலென்று கீழே தள்ளிப் பாய்ந்துவிடுவான். பின்னாலேயே இவர் பாய்ந்தால் எஞ்சின் இருமும், கரும்புகை கக்கும், சில சமயம் நின்றேபோகும். அதனால் விமானத்தைப் பாதி புரட்டிப்போட்டு அப்புறம் பாயப் பழகினார்கள். அதற்குள் எதிரி போயே போய்விடுவான்.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இஞ்செக்ஷன் தெரியாமலில்லை. கார்பரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்று குளிர்ந்து அடர்த்தியாகிறது, பவர் கூடுகிறது. அதற்காகத் தெரிந்தே செய்த தேர்வு அது.

ஃபார்ன்பரோவின் ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாப்ளிஷ்மென்டில் இதைக் கையில் எடுத்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங். 1909-இல் பிறந்த எஞ்சினியர். புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் பைக்கை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். (பைக்கைப் பிரித்து மேய்ந்தவருக்குத்தான் இது பிடிபடும் என்பது என் கட்சி.)

கோளாறு இரண்டு கட்டமாக வந்தது. மூக்கு சரிந்ததும் ஃப்ளோட் சேம்பரில் இருக்கும் பெட்ரோல் மேல்கூரைக்கு ஏறிவிடும், ஜெட் காயும். இது பற்றாக்குறை. ஒரு நொடித் தடுமாற்றம், அவ்வளவுதான். அடுத்ததுதான் ஆபத்து. பெட்ரோல் மேலே போனதால் மிதவை தலைகீழாக வேலை செய்து ஊசி வால்வை அகலத் திறந்துவிடும். பம்ப் முழு வேகத்தில் தள்ள, கார்பரேட்டர் வழியும். காய்வதை விட வழிவதுதான் எஞ்சினைக் கொன்றது.

ஷில்லிங்கின் வைத்தியம், நடுவில் துளை போட்ட சின்னப் பித்தளைத் தகடு. முழு பவருக்கு வேண்டிய பெட்ரோல் மட்டும் போகும் அளவில் துளை. அதைப் பெட்ரோல் லைனில் மாட்டினால் போதும், விமானத்தைச் சேவையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. 1941 மார்ச்சுக்குள் ஃபைட்டர் கமாண்ட் முழுக்கப் பொருத்திவிட்டார்கள். விமானிகள் வைத்த பேர் 'மிஸ் ஷில்லிங்கின் துளை'. அதிலிருக்கும் குறும்பு உங்களுக்கே புரியும். அவருக்கோ 1938-லேயே கல்யாணமாகிவிட்டது! தகடு முழுத் தீர்வல்ல. தொடர்ந்து தலைகீழாகப் பறந்தால் எஞ்சின் நிற்கத்தான் செய்தது. பிறகு வந்த பிரஷர் கார்பரேட்டர்தான் அதை ஒழித்தது.

எஸ்.யு. என்பது 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. செருப்பு வியாபாரக் குடும்பத்துச் சகோதரர்கள் ஆரம்பித்தது. முதல் கார்பரேட்டர்களில் தோல் துருத்தியே வைத்தார்கள். 1926-இல் மோரிஸ் கார் அதிபர் அதை வாங்கினார். மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டிலிருந்து பிறந்ததால் நம் பழைய அம்பாசடருக்கும் எஸ்.யு. வந்தது. அது வேறு மாடல். மேலே குமிழ் போன்ற மூடி, உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டன். பிஸ்டன் சட்டென்று எகிறாமல் கொஞ்சம் எண்ணெய் பிடித்து நிறுத்தும். மிதித்த அந்தக் கணத்தில் பெட்ரோல் கூடுதலாக வருவது அதனால்தான். எண்ணெய் வற்றினால் இங்கே பற்றாக்குறை, வண்டி திக்கும். மூடியைத் திருகிக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும்.