இமைக்கும் தீ

வாண வேடிக்கையில் புதிதாக ஈடுபாடு கொள்வோர் முதலில் வியப்பது வண்ணங்களை, அடுத்து ஓசையை. சற்றுப் பழகிய பின்னரே வேறொன்று அவர்தம் கண்ணில் படுகிறது. வானில் சிதறும் பொறிகளுள் சில விடாது எரிவதில்லை. பளிச்சென ஒளிர்கின்றன, அணைந்துவிட்டன என்று எண்ணுமாறு இருள்கின்றன, மீண்டும் ஒளிர்கின்றன. மின்சுற்று ஏதுமில்லை, விசையை அழுத்துவாரும் இல்லை. ஒரு சிறு மருந்துருண்டை தானே இமைக்கிறது. எரியத் தொடங்கிய தீ இடையில் ஏன் நிற்க வேண்டும்? நின்றது எங்ஙனம் அணைந்தொழியாமல் மீள்கிறது?

இவ்வகைப் பொறியை மேலைநாட்டார் 'ஸ்ட்ரோப்' என்பர். அப்பெயர் தீயிலிருந்து பிறந்ததன்று. 1832ஆம் ஆண்டின் இறுதியில் வியன்னாவில் சைமன் ஸ்டாம்ஃபர் என்பார், விளிம்பில் பிளவுகள் கொண்ட வட்டத்தகட்டைச் சுழற்றிப் படங்கள் அசைவதுபோல் காட்டினார். சுழற்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். ஏறத்தாழ அதே வேளையில் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோவும் அத்தகைய கருவியைத் தாமாகவே கண்டார். (மனிதக் கண்ணின் இயல்பை ஆராய்ந்த பிளாட்டோ பின்னாளில் பார்வையிழந்தார்.) அதன்பின் 1930களில் அமெரிக்காவின் ஹரால்ட் எட்ஜர்ட்டன் மின்னொளியையே விட்டுவிட்டு எரியச் செய்தார். இவற்றிலெல்லாம் இருளைப் புகுத்துவது தகட்டின் பிளவோ மின்சுற்றோ ஆகும். வாணத்தில் அவ்வாறன்று, அங்கே இருளையும் தீயே ஈனுகிறது. ஆகவே இரவல் பெயர் பொருளுக்கு அத்துணைப் பொருந்தவில்லை எனலாம்.

இமைக்கும் தீயைப் பற்றிய செய்திகள் பெரிதும் பட்டறைகளில் செவிவழியாகவும் காப்புரிமை ஆவணங்களில் துண்டு துண்டாகவும் கிடந்தன. அவற்றைத் தொகுத்து ஆராய முன்வந்தது பல்கலைக்கழகம் அன்று, ஒரு சிற்றிதழ். 'பைரோடெக்னிக்கா' என்னும் அவ்விதழ் 1977இல் அமெரிக்காவில் தொடங்கிற்று. நாள்தவறாது வருவோம் என்று அது வாக்களிக்கவில்லை; அவ்வப்போது வெளிவரும் கட்டுரைகள் என்றே தன்னைச் சொல்லிக்கொண்டது. அதன் ஆசிரியர் ராபர்ட் கார்ட்வெல், இமைக்கும் மருந்துகளின் வளர்ச்சியையும் பயனையும் தொகுத்து 1979இல் அதன் ஐந்தாம் இதழில் எழுதினார். சிற்றிதழ்களின் பாடறிந்தோர்க்கு அந்த உழைப்பின் அருமை விளங்கும்.

1982இல், எட்டாம் இதழில், ஜப்பானியரான தகேயோ ஷிமிசு தம் ஆய்வை வெளியிட்டார். வாணங்களை இயற்பியல் நோக்கில் விளக்கி 1976இல் ஜெர்மன் மொழியில் நூல் செய்தவர் அவர். ஓர் உருண்டைக்குள் இரு வினைகள் உறைகின்றன என்பது அவர் கொள்கை. முதலாவது இருள்வினை: மருந்து சுடரின்றிக் கனிந்து, மேற்பரப்பில் உருகிய படலமாகத் திரள்கிறது, வெப்பம் சிறுகச் சிறுக ஏறுகிறது. வெப்பம் ஓர் எல்லையைத் தொட்டவுடன் இரண்டாவதாகிய ஒளிவினை பாய்ந்து அப்படலத்தை எரித்துத் தீர்க்கிறது. புதிதாக வெளிப்பட்ட பரப்பு மீண்டும் இருளில் கனியத் தொடங்குகிறது. இருளென்று நாம் கண்ட இடைவேளையில் தீ ஓய்ந்திருக்கவில்லை. அடுத்த ஒளியைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

இது விளக்கமே தவிர முற்றுமுடிந்த நிறுவல் அன்று. இத்தகைய கலவைகளுள் மிகப் பலவும் கோட்பாட்டிலிருந்து பிறந்தவையல்ல, கலந்து கலந்து பார்த்துக் கண்டறியப்பட்டவை. அப்படிப் பார்ப்பதற்கு விலை உண்டு. ஆர்வம் மிகுந்து, தக்க பயிற்சியின்றி வீட்டில் மருந்து கலந்தோர் விரலையும் விழியையும் இழந்த நிகழ்வுகள் இத்துறையில் பல. இமைக்கும் பொறியை ஏவுகணைகளைத் திசைதிருப்பவும், திரண்ட மக்களைக் கலைக்கவும் பயன்படுத்தலாம் எனப் படைத்துறையினரும் நாடியுள்ளனர். திருவிழாக் கூட்டம் அண்ணாந்து பார்த்து மகிழும் அதே ஒளிதான்.

2013இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் புகழ்பெற்ற வேதியியல் இதழொன்றில் இப்பொருளை மீண்டும் எடுத்துக்கொண்டனர். அலைவுற்று எரியும் இத்தீயை விந்தையானது என்று கட்டுரையின் தலைப்பிலேயே குறித்தனர். அதன் அடிப்படை இன்னும் தெளிவுறவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டனர். இத்துறையில் புகுவோர் இன்றும் அச்சிற்றிதழின் ஐந்தாம், எட்டாம் இதழ்களைத் தேடிச் செல்கின்றனர்.