துண்டுக்குள் விலை

திருப்பதி கோவிந்தராஜர் கோயில் பக்கம் எங்கள் நைனா படக்கடை வைத்திருந்தார். சாமி படம், கண்ணாடி, சட்டம் என்பதுதான் வியாபாரம். கல்லாவுக்குக் கீழே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். அதில் பழைய காசு. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களில் யாராவது மடியை அவிழ்த்து, "சாமி, இது எந்த வரும்?" என்று தெலுங்கில் பாதி தமிழில் பாதியாகக் கேட்பார்கள். நைனா காசைப் பார்க்கமாட்டார், ஆளைப் பார்ப்பார். "இது யாருது?" என்பதுதான் முதல் கேள்வி. "எங்க அவ்வாது" என்று இரண்டு வார்த்தையில் பதில் வந்தால் கையை நீட்டுவார். ஏர் உழுதபோது கிடைத்தது, கனவில் அம்மன் வந்து சொன்னாள் என்று கதை நீண்டால், "நல்லா வெச்சுப் பூஜை பண்ணுங்க" என்று காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கதை நீளமானால் காசு போலி என்பது அவர் கணக்கு. நிஜமாகவே ஏர் உழுதபோது கிடைத்திருந்தால் அது வேறு வம்பு. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதுவும் கலெக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.

பேரம், போணி இரண்டும் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே சொல். சித்தூர்ப் பக்கம் எந்த மொழியில் ஆரம்பித்தாலும் அந்த இரண்டிலும் வந்து சேர்ந்துவிடுவோம். நான் சித்தூரில் ஒரு வங்கியில் முப்பது வருஷம் கேஷியராக இருந்தவன். சொன்ன ரூபாய்க்குச் சொன்ன நோட்டு என்று எண்ணிக் கொடுத்தே காலம் போனது. அதனால்தானோ என்னவோ, விலை சொல்லாத காசுமேல் எனக்கு ஆசை.

இந்தப் பூமியில் காசுக்கு விலை பேசுவது புதுசல்ல. 1514இல் உதயகிரியை வென்று திரும்பும் வழியில் கிருஷ்ணதேவராயர் திருமலைக்கு வந்து முப்பதாயிரம் பொற்காசால் கனகாபிஷேகம் செய்தார். அவருடைய பொன் வராகனில் இருப்பவன் பாலகிருஷ்ணன். வேங்கடவனைக் காசில் நிறுத்தியவர் பின்னால் வந்த வேங்கடபதி ராயர் (1586–1614). சந்திரகிரியைத் தலைநகராகக் கொண்டிருந்தவர். ஒரு பக்கம் திருவாசிக்குள் பெருமாள், மறுபக்கம் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ வேங்கடேஸ்வராய நம:'. மொத்தம் மூணரை கிராம்கூட வராது. பிறகு சென்னையில் குடியேறிய கிழக்கிந்தியக் கும்பினியார் அந்தச் சாமியையே எடுத்துக்கொண்டார்கள். தேவிமார் இருவரோடு பெருமாள் நிற்கும் காசு மூணு சாமி வராகன். முதுகில் ஒரு நட்சத்திரம் போட்டால் அது நட்சத்திர வராகன். பெருமாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கடைசியில் நாலு கோடும் ஒரு புள்ளியுமாக ஆகிவிட்டார். தெரிந்தவன் சொன்னால்தான் சாமி.

ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது சென்னைக் கணக்கு. ஏட்டில் மட்டும்தான் அது இத்தனை நேராக இருக்கும். கடைவீதியில் சென்னை வராகன், பரங்கிப்பேட்டை வராகன், ஒல்லாந்தர் அடித்த நாகப்பட்டினம் வராகன் என்று எல்லாம் புழங்கின. ஒவ்வொன்றுக்கும் மாற்று வேறு. நட்சத்திர வராகனிலேயே ஐந்தில் நாலு பங்குதான் தங்கம். காசு மாற்றும் சராப்புக்காரர் உரைகல்லில் இழுத்துப் பார்த்து 'வட்டம்' பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். அந்த வட்டத்தில்தான் பேரம். சரிபார்த்த காசில் சின்னதாக ஒரு முத்திரை குத்திவிடுவார், அடுத்த கடைக்காரனுக்கு நம்பிக்கை வரட்டும் என்று. இன்றைக்கு அதே முத்திரையைக் காட்டித்தான், "சராப் மார்க் இருக்கு சார், விலையைக் குறைங்க" என்று குறுஞ்செய்தி வருகிறது. அன்றைக்கு நம்பகம், இன்றைக்குக் குறை.

கும்பினி 1818இல் ரூபாயைச் சென்னை மாகாண நாணயமாக்கி, நூறு வராகனுக்கு முந்நூற்றைம்பது ரூபாய் என்று விலை கட்டியது. வராகன் புழக்கத்தைவிட்டுப் போய்ப் பெண்கள் கழுத்திலும் பூஜை அறையிலும் ஒதுங்கியது அதற்குப் பிறகுதான்.

விலை பேசும் முறைக்கு வருகிறேன். மாட்டுச் சந்தையில் தோள் துண்டைக் கைகளின்மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவதைச் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கு ஒன்றும் தெரியாது. இது எத்தனை பழசு என்பது தாவர்னியே என்ற பிரெஞ்சு வைர வியாபாரி எழுதியதைப் படித்தபோதுதான் புரிந்தது. 1600களின் நடுவில் கோல்கொண்டா ராஜ்யத்து வைரச் சுரங்கங்களுக்கு வந்தவர் அவர். எதிரெதிரே உட்கார்ந்து, இடுப்புத் துணியால் கையை மூடிக்கொண்டு விலை பேசினார்களாம். முழுக் கையைப் பிடித்தால் ஆயிரம். ஐந்து விரலையும் பிடித்தால் ஐந்நூறு. ஒரு விரல் நூறு, நடுக்கணு வரை பிடித்தால் ஐம்பது, நுனியை மட்டும் பிடித்தால் பத்து. வராகனா ரூபாயா என்பது முன்பே தெரிந்திருக்கும். வாயைத் திறக்காமலே பெரிய பெரிய கைமாற்றம் நடந்து முடியும்.

வாய் பேசாவிட்டாலும் கை பேசும். எதிராளி விரல் வேர்த்திருந்தால் அவனுக்கு இன்றைக்கே பணம் வேண்டும் என்று அர்த்தம் என்பார் நைனா. இதை எந்தச் செயலி காட்டும்?

பாஸீ என்ற இந்திய இணைய விற்பனைத் தளத்தை 2004இல் இபே வாங்கியது. நான் அதில் நுழைந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. 'பெஸ்ட் ஆஃபர்' என்று ஒரு பொத்தான். நம் விலையைப் போட்டால் விற்பவர் ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம், எதிர் விலை சொல்லலாம். நாள் முழுக்கப் பதில் வராமல் காத்திருப்பதும் பேரத்தில் சேர்த்திதான் என்று அங்கேதான் கற்றேன். நேரில் அதே வேலையைச் செய்ய நைனா காசை வைத்துவிட்டு எழுந்து போய் வெற்றிலை போட்டுவிட்டு வருவார். 2018இல் இபே கடை இந்தியாவில் சாத்தப்பட்டது. எல்லாரும் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டோம். அங்கே மரியாதை கொஞ்சம் மட்டு. வணக்கம் கிடையாது, காசைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது, நேரே "லாஸ்ட் பிரைஸ்?" இதற்கு நான் பதில் போடுவதில்லை. முதல் விலையே பேசாதவனுக்கு எதற்குக் கடைசி விலை?

நானும் ஏமாந்திருக்கிறேன். 1807 வாக்கில் கும்பினி வெள்ளியில் அடித்த அரை வராகன் ஒன்று. ரூபாயைவிடப் பெரியது. ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் பெருமாள், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. இரண்டு மொழிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? படம் பிரமாதம். பாதி விலைக்குக் கேட்டேன். ஒரு நிமிஷத்தில் 'ஓகே' வந்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வந்ததை எடுத்து விளிம்பைத் தடவினால் நகத்தில் ஒரு கோடு தட்டியது. அச்சில் அடித்ததில்லை, வார்த்தது. இரண்டு பாதி ஒட்டின தழும்பு. எடையும் குறைவு. விற்றவனுடைய வாட்ஸ்அப் எண் அதற்குப் பிறகு உயிரோடு இல்லை. நைனாவாக இருந்தால் கல்லில் சுண்டிச் சத்தம் கேட்டிருப்பார்.

எதிர்வீட்டு அம்மா ஒருநாள் ஐந்து ரூபாய்க் காசோடு வந்தார். 2012இல் வந்த வைஷ்ணவி தேவி காசு. "அண்ணா, இதுக்குப் பத்து லட்சமாமே, யூடியூப்ல சொல்றாங்க." யாரோ பதிவுக் கட்டணம் கேட்டிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில், பழைய காசு வாங்க விற்க எங்கள் பேரில் யாராவது கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று அறிக்கை விட்டிருப்பதைக் காட்டினேன். "இதைக் கொடுத்தா இப்ப ஒரு டீ கூட வராதும்மா" என்றேன். அவருக்கு என்மேல்தான் சந்தேகம். குறைத்துச் சொல்லி நானே அமுக்கப் பார்க்கிறேனாம்.

திருப்பதி தனி மாவட்டமான 2022இல், ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிஞ்சிய ஒரு மூணு சாமி வராகனை விற்க முடிவுசெய்தேன். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கு. ஒருகாலத்தில் காசுமாலையில் இருந்தது; மேலே கொக்கி பற்றவைத்து எடுத்த தழும்பு உண்டு. படத்தில் அதை முதலில் காட்டினேன். சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழர் எடுத்த எடுப்பில் நான் சொன்னதற்கு மேலே ஐயாயிரம் தருவதாகச் சொன்னார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் விடாது. சொன்னேன். "பேனாவோட பேனாவா வெச்சு அனுப்புங்களேன்" என்றார். அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டேன்.

குடியாத்தத்துப் பையன் ஒருவன் மூன்று நாள் பேசினான். நான் 32,000, அவன் 18,000. தங்க விலை மட்டும் கணக்குப் போட்டிருக்கிறான். நான் 30,000 என்றால் அவன் கொக்கி என்பான். அவன் 22,000 என்றால் நான் தேவிமார் இருவர் முகமும் தேயவில்லை என்பேன். கடைசியில் 26,500க்கு வந்து, "நேர்ல பாத்துட்டுத் தரேன் சார்" என்று பஸ் ஏறி வந்துவிட்டான்.

வாசல் திண்ணையில் வெயில் படுகிற இடத்தில் உட்காரவைத்தேன். தராசில் 3.37. விளிம்பைத் தடவினான். திருப்பிப் பின்பக்கத்துப் பொடிமணிகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்தான். கொக்கித் தழும்பை மட்டும் ஒன்றும் சொல்லாமல் பெருவிரலால் இரண்டு தரம் தேய்த்தான். இன்னும் இரண்டாயிரம் குறைக்கச் சொல்வான் என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"நீங்க சொன்ன விலையே சரி சார்" என்றான்.

விரல் வேர்த்திருந்தது அவனுக்கு. பஸ் செலவுக்கு என்று ஐந்நூறைக் குறைத்துக்கொண்டு வாங்கினேன். நைனா பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.