ஸ்டெப் ஏரோபிக்ஸும் பிற கார்டியோ பயிற்சிகளும்

ஸ்டெப் ஏரோபிக்ஸ் என்பது இசையின் தாளத்துக்கேற்பத் தாழ்வான ஒரு மேடைப்பலகையில் ஏறியும் இறங்கியும் செய்யும் உடற்பயிற்சி. நடை, ஓட்டம், நீச்சல், சைக்கிள், ஸ்கிப்பிங் போலவே இதுவும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுக்கும் கார்டியோ வகையைச் சேர்ந்தது. இந்தப் பயிற்சிகளால் இதயம் பெறும் நன்மை பெரும்பாலும் பொதுவானது. மூட்டுகளும் தசைகளும் சுமக்கும் பாரம்தான் பயிற்சிக்குப் பயிற்சி மாறுகிறது. ஆகவே ஸ்டெப்புடன் எந்தப் பயிற்சியைச் சேர்ப்பது என்பதை முடிவுசெய்ய, எரியும் கலோரிக் கணக்கு மட்டும் போதாது. ஸ்டெப் எந்த உறுப்பை மிகுதியாக உழைக்கவைக்கிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

வரலாறு

‘ஏரோபிக்ஸ்’ என்ற சொல்லைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தவர் அமெரிக்க விமானப்படையில் மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர். அதே பெயரில் அவர் எழுதிய நூல் 1968இல் வெளிவந்தது. மறு ஆண்டில் ஜாக்கி சோரன்சன் நடன அசைவுகளைச் சேர்த்து ஏரோபிக் நடனத்தை உருவாக்கினார். 1982இல் வெளியான ஜேன் ஃபோண்டாவின் வீடியோ, உடற்பயிற்சியை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தது. ஆனால் துள்ளிக் குதிக்கும் அந்த முறை பலருக்குக் கணைக்கால் வலியையும் மூட்டு வலியையும் தந்தது. குதிக்காமலே இதயத்துடிப்பை உயர்த்தும் வழி தேவைப்பட்டது.

படியேற்றத்தை உடல்திறனின் அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் முன்பே இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வகுக்கப்பட்ட சோதனையில், 20 அங்குல உயர மேடையில் நிமிடத்துக்கு 30 முறை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். அதன்பின் நாடித்துடிப்பு எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்பதை வைத்து உடல்திறன் மதிப்பிடப்பட்டது.

1980களின் இறுதியில் அமெரிக்கப் பயிற்றுநர் ஜின் மில்லர், முழங்கால் காயத்திலிருந்து மீளப் பால் கிரேட் ஒன்றின்மீது ஏறி இறங்கிப் பழகினார். அந்தப் பழக்கத்தை இசையோடு இணைத்து அவர் வகுத்த முறையை ரீபாக் நிறுவனம் ஏற்றுப் பரப்பியது. 1990களில் உலகெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் ஸ்டெப் வகுப்புகள் பெருகின.

செயல்முறை

பலகையின் உயரம் பொதுவாக 10 முதல் 20 செ.மீ. வரை இருக்கும். அடியில் கட்டைகளைச் செருகி உயரத்தை மாற்றலாம். இசையின் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 118 முதல் 128 தட்டு வரை. ‘பேசிக் ஸ்டெப்’ நான்கு தட்டுகளில் முடிகிறது: ஒரு கால் மேலே, மறுகால் மேலே, முதல் கால் கீழே, மறுகால் கீழே. முழங்காலை உயர்த்துதல், வி வடிவில் கால் வைத்தல், பலகையைக் குறுக்காகக் கடத்தல் ஆகியவை இதன் விரிவுகள். அசைவுகளை 32 தட்டுகள் கொண்ட தொடர்களாகக் கோப்பது வழக்கம்.

128 தட்டு வேகத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 32 முறை ஏறுகிறார். பலகை 20 செ.மீ. என்றால், 20 நிமிடத்தில் அவர் தம் உடலை மொத்தம் 128 மீட்டர் தூக்கியிருப்பார். ஏறத்தாழ 40 மாடிக் கட்டடத்தில் படியேறியதற்கு இது சமம். பலகையை 15 செ.மீ.க்கு இறக்கினால் அதே நேரத்தில் ஏற்றம் 96 மீட்டராகக் குறைகிறது. ஸ்டெப்பின் கடுமையைக் கூட்டவும் குறைக்கவும் முதல் கருவி இந்த உயரம்தான். தாளத்தின் வேகம் அடுத்தது.

உடலில் விழும் சுமை

ஏறும்போது முன்தொடைத் தசையும் பிட்டத் தசையும் சுருங்கி உடலை உயர்த்துகின்றன. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்குகிறது. புதிதாகத் தொடங்குவோருக்கு மறுநாள் கால் வலிக்க இந்த இறக்கமே முக்கியக் காரணம். ஒரு பாதம் எப்போதும் ஊன்றியிருப்பதால் ஓட்டத்தைவிட அதிர்வு குறைவு. ஆனால் முழங்கால் திரும்பத் திரும்ப மடங்குவதால் முழங்கால் சில்லின் பின்புறம் அழுத்தம் ஏறுகிறது. கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் ஓயாமல் உழைக்கின்றன. மேலுடலின் பங்கோ மிகக் குறைவு.

பிற பயிற்சிகளுடன் ஒப்பீடு

உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆற்றலை 1 மெட் என்பர். 15 முதல் 20 செ.மீ. பலகையில் செய்யும் ஸ்டெப் ஏறத்தாழ 7.5 மெட். மணிக்கு 5.6 கி.மீ. வேக நடை 4.3, மணிக்கு 8 கி.மீ. ஓட்டம் 8.3 என மதிப்பிடப்படுகின்றன. 6 மெட்டும் அதற்கு மேலும் தீவிரப் பயிற்சி என்பதால், ஸ்டெப் வகுப்பின் மையப் பகுதி அந்த வகையில் அடங்கும்.

நீச்சல் ஸ்டெப்புக்கு நல்ல இணை. தோள், முதுகு, கை ஆகியவற்றை அது உழைக்கவைக்கிறது. நீரின் மிதப்பால் முழங்காலுக்கு ஓய்வும் கிடைக்கிறது. துடுப்பு இயந்திரமும் மேலுடலுக்கு வேலை தரும். சைக்கிளில் அதிர்வு இல்லை. ஆனால் முன்தொடைத் தசையே அங்கும் உழைப்பதால், கடும் ஸ்டெப் வகுப்புக்கு மறுநாள் இலகுவாக மிதிப்பதே பொருந்தும். ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் எலும்பை உரமாக்குபவை. எனினும் ஸ்டெப் களைப்படையச் செய்த அதே கெண்டைக்காலையும் குதிகால் நாணையும் அவை மீண்டும் வதைக்கும். அவற்றை ஸ்டெப் நாளுக்கு அடுத்த நாளில் வைக்காதிருப்பது நல்லது. நடை எந்த நாளிலும் சேரும்.

வாரத் திட்டம்

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி அல்லது 75 முதல் 150 நிமிடத் தீவிரப் பயிற்சி தேவை என்றும், இரு நாளாவது தசை வலுப் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. இரண்டையும் கலந்தும் செய்யலாம். தீவிரப் பயிற்சியின் ஒரு நிமிடம் மிதமானதன் இரு நிமிடத்துக்கு ஈடு.

எடுத்துக்காட்டாக, திங்களும் வியாழனும் ஸ்டெப் வகுப்பு. தொடக்க, நிறைவு அசைவுகளைக் கழித்தால் ஒவ்வொன்றிலும் 30 நிமிடம் தீவிரம். இது 120 நிமிட மிதமான பயிற்சிக்கு ஈடாகும். செவ்வாய் 30 நிமிட நீச்சல், சனி 40 நிமிட நடை எனச் சேர்த்தால் மொத்தம் 190 நிமிடம். புதனும் ஞாயிறும் ஓய்வு. வலுப் பயிற்சியை, மேலுடலுக்கு முதலிடம் தந்து, செவ்வாயும் வெள்ளியும் செய்யலாம்.

காப்பு முறைகள்

பாதம் முழுவதும் பலகையில் பதிய வேண்டும். இறங்கும்போது குதிக்காமல் பலகைக்கு அருகிலேயே கால் ஊன்றிக் குதிகாலைத் தரையில் பதிக்க வேண்டும். ஏறும் காலின் முழங்கால் 90 பாகைக்கு மேல் மடங்கினால் பலகை அளவுக்கு மீறிய உயரத்தில் இருக்கிறது. முதலில் ஏறும் காலை அவ்வப்போது மாற்றாவிட்டால் ஒரே பக்கம் சுமை சேரும். பேச முடிந்து பாட முடியாத நிலை மிதமானது. இரண்டொரு சொல்லுக்கே மூச்சு வாங்கினால் தீவிரம். பீட்டா தடுப்பு மாத்திரை உண்போருக்கு இதயத்துடிப்பு இயல்பாக உயராது என்பதால் நாடியைவிட இந்தப் பேச்சுச் சோதனையே நம்பகமானது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரிடம் கேட்ட பிறகு தாழ்ந்த பலகையில் தொடங்கலாம். பலகையே இல்லாமல் தரையில் அதே அசைவுகளைச் செய்வதும் உண்டு.