கொடையும் கோலும்

கொலராடோ, ஐக்கிய அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியிலே உள்ள மலை மாநிலம். மலைக்கு அடியிலே நிலக்கரி. அந்த நிலக்கரிக்கு நடுவிலே தொழிலாளி. கிரேக்க நாட்டிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வயிற்றைக் கழுவ வந்து சேர்ந்தவன் அவன். 1913 செப்டம்பரில் அந்தத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். கேட்டவை என்ன? சங்கம் அமைக்கும் உரிமை. எட்டு மணி நேர வேலை. வெட்டிய கரிக்கு நேர்மையான எடை. கம்பெனிக் கடையிலேதான் பொருள் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தினின்று விடுதலை. கிடைத்தது என்ன? கம்பெனி வீடுகளினின்று வெளியேற்றம்! லட்லோ என்ற இடத்திலே, ஏறத்தாழ 1,200 பேர், ஆணும் பெண்ணும் குழந்தையுமாகக் கூடாரம் அடித்துக் கொடும்பனிக் காலத்தைக் கழித்தனர். 1914 ஏப்ரல் 20ஆம் நாள், மாநிலக் காவற்படை அந்தக் கூடாரங்களை நோக்கிச் சுட்டது. மாலையிலே கூடாரங்கள் எரிந்தன. குண்டுக்கு அஞ்சி, கூடாரத்தின் அடியிலே தோண்டிய குழியிலே பதுங்கியிருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் புகையிலே மூச்சுத் திணறி மாண்டனர்.

அந்தச் சுரங்கக் கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டிலே வைத்திருந்தது எந்தக் குடும்பம்? எண்ணெய் மன்னர் ராக்பெல்லரின் குடும்பம். அதே குடும்பந்தான், ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பு, 1913 மே திங்களிலே, உலக மக்கள் அனைவரின் நல்வாழ்வையும் வளர்ப்பதற்கென்று ஓர் அறக்கட்டளையை நிறுவியிருந்தது. முதல் ஓராண்டுக்குள் அதற்கு அளிக்கப்பட்ட தொகை, 10 கோடி டாலர்! உலகத்தார் அனைவருக்கும் நல்வாழ்வு; லட்லோ தொழிலாளிக்கு மட்டும் குண்டும் நெருப்பும்! ஒரே வீட்டின் இரண்டு வாயில்கள் இவை. ஒன்றிலே பொருள் உள்ளே வந்தது. மற்றொன்றிலே புகழ் உள்ளே வந்தது.

ஈகையை இகழ்வது நமது நோக்கமன்று. ஈவோரைப் போற்றுவது தமிழர் மரபு. பறம்பு மலைப் பாரி, படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரைக் கொடுத்தான் என்று மாணவர்க்குச் சொல்லித் தருகிறோம். அந்தக் கதையிலே ஒரு நுட்பம் உண்டு. பாரி முல்லையை எதுவும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் படரவேண்டும் என்று கட்டளையிடவில்லை. எந்த நிறத்திலே பூக்கவேண்டும் என்று திட்டம் தீட்டித் தரவில்லை. கொடுத்தான், நடந்தே வீடு திரும்பினான். கொடுத்த பின்னரும் கொடியைத் திருப்பும் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் கொடை ஒன்று இருக்கிறது. அதற்கு வேறு பெயர் வேண்டும். அமெரிக்க வரலாறு அந்தக் கொடையை நமக்கு நன்றாகவே அறிமுகப்படுத்துகிறது.

முதலிலே வந்தவர் எஃகு மன்னர் கார்னகி. செல்வத்தை ஏழைகளின் பொறுப்பாளனாக இருந்து செல்வனே செலவிட வேண்டும், ஏழைகளைவிட அவனே அதை நன்றாகச் செலவிடுவான் என்று 1889இல் எழுதினார். மூன்றே ஆண்டுகள். 1892இல் ஹோம்ஸ்டெட் ஆலையிலே தொழிலாளரின் சங்கத்தை நொறுக்க, ஏறத்தாழ 300 கூலிக் காவலர் துப்பாக்கியுடன் படகிலே வந்து இறங்கினர். இரு தரப்பிலும் உயிர்கள் பறிபோயின. கார்னகி அப்போது ஸ்காட்லாந்திலே இருந்தார். பிறகு உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூலகங்களைக் கட்டக் கொடுத்தார். நூலகம் நல்லது, மறுப்பாரில்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் உலையின் முன் வெந்தவனுக்கு நூலகத்துக்குப் போக நேரம் ஏது? கூலியாகக் கொடுத்திருந்தால் அவன் விருப்பப்படி செலவாகியிருக்கும். கொடையாகக் கொடுத்ததால் கார்னகியின் விருப்பப்படி செலவாயிற்று. இங்கே தொடங்குகிறது நம் கேள்வி.

ராக்பெல்லரின் அறக்கட்டளைக்கு நடுவண் அரசின் பட்டயம் கேட்டு 1910இல் செனட் சபையிலே மசோதா வந்தது. அந்தச் சபையிலே இருந்த ஆல்டிரிச்சின் மகளைத்தான் இளைய ராக்பெல்லர் மணந்திருந்தார். எதிர்ப்பு மூண்டது. குடியரசுத் தலைவர் டாப்ட் எதிர்த்தார். முன்னாள் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் எதிர்த்தார். தொழிற்சங்கத் தலைவர் காம்பர்ஸ் எதிர்த்தார். மறு ஆண்டே, 1911இல், ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் ஏகபோகத்தை உடைத்தெறியும்படி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மசோதா நிறைவேறவில்லை. விட்டார்களா? நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார்கள், அது திறந்தது.

லட்லோவிலே குழந்தைகள் மாண்ட செய்தி நாடெங்கும் பரவியது. சினம் கொண்டோர் நியூயார்க்கிலே ராக்பெல்லரின் அலுவலக வாயிலிலே நின்றனர். அந்த ஆண்டே, தொழில் உறவுகளை ஆராய்வதற்கென்று மெக்கன்சி கிங் என்பாரை அறக்கட்டளை அமர்த்தியது. கனடா நாட்டிலே தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தவர் அவர். 1921இல் அந்நாட்டின் பிரதமராகவும் ஆனவர். ஆராய்ச்சி எங்கே சென்று முடிந்தது தெரியுமா? 1915இல், கொலராடோச் சுரங்கத் தொழிலாளர் தம் பேராளரைக் கம்பெனியின் ஏற்பாட்டிலேயே தேர்ந்தெடுக்கும் திட்டத்திலே! கூட்டம் உண்டு, குறை கேட்பு உண்டு. தொழிலாளி கேட்ட சங்கம் மட்டும் இல்லை. அறத்தின் பெயரால் நடந்த ஆராய்ச்சி, கம்பெனிக்கு உகந்த மருந்தைக் கண்டுபிடித்தது. முதலாளியின் ஆதிக்கத்துக்கு உட்பட்ட அத்தகைய சங்கங்களைத் தடை செய்யும் சட்டம் 1935இல்தான் வந்தது.

இந்த உறவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் பிராங்க் வால்ஷ் என்ற வழக்கறிஞர். தொழில் உறவுகளை ஆராய அரசு அமைத்த ஆணையத்தின் தலைவர் அவர். 1915இன் தொடக்கத்தில் நியூயார்க்கிலே அவர் முன் இளைய ராக்பெல்லரும் வந்து நின்றார். கார்னகியும் வந்து நின்றார். தொழிலிலே குவிந்த ஆதிக்கம், அறக்கட்டளைகளின் வழியாகக் கல்விக்கும் சமூகத் தொண்டுக்கும் பரவுகிறது என்று ஆணையத்தின் அறிக்கை எச்சரித்தது. பெரிய அறக்கட்டளைகளுக்குப் பட்டயம் வேண்டும், அளவுக்கு வரம்பு வேண்டும், கணக்குக்குக் கண்காணிப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலே நின்றது. எனினும் ஒரு பயன் விளைந்தது. அஞ்சிய அறக்கட்டளை, பூசல் மிக்க துறையினின்று விலகி மருத்துவத்திலே தன் கவனத்தை மேலும் குவித்தது. கொக்கிப்புழுவையும் மஞ்சள் காய்ச்சலையும் எதிர்த்தது. 1920களில் நமது சென்னை மாகாணத்திலும் அதன் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை நடந்தது. நல்லதை நல்லதென்றே சொல்வோம். ஆனால் அந்த நன்மை, மக்கள் மன்றத்தின் கேள்விக்கு அஞ்சிய பிறகு பெருகியது என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

அடுத்த பாடம் 1934இல். பிராங்க்ளின் ரூசுவெல்ட்டின் புதுத் திட்டத்தை எதிர்க்க, டூபாண்ட் குடும்பத்தாரும் அவரையொத்த ஆலையதிபர்களும் 'அமெரிக்க உரிமைக் கழகம்' என்ற ஒன்றைத் தொடங்கினர். அரசியல் சட்டத்தைக் காப்பதே நோக்கம் என்றனர். பணத்துக்குப் பஞ்சமில்லை, வெளியீடுகளுக்குக் கணக்கில்லை. மக்களோ, சொல்லைக் கேட்குமுன் சொல்லுவோரின் பெயரைப் பார்த்தார்கள். 1936 தேர்தலிலே 48 மாநிலங்களில் 46 ரூசுவெல்ட்டின் பக்கம் நின்றன. 1940இல் கழகம் கலைந்தது. சீமான்கள் தம் முகத்தைக் காட்டி வாதாடினால் மக்கள் நம்பமாட்டார்கள் என்பது நன்றாக விளங்கிற்று. அப்படியானால்? வேறு முகம் வேண்டும். பேராசிரியரின் முகம்! ஆய்வாளரின் முகம்!

கான்சாஸ் நகரத்து வணிகர் வோல்க்கர் 1932இல் நிறுவிய நிதி அந்த வழியைக் கண்டது. அவருடைய மருமகன் பொறுப்பிலே, அரசின் கட்டுப்பாடற்ற சந்தையே சிறந்தது என்று எழுதிய ஹாயக் என்னும் அறிஞருக்கு, சிக்காகோ பல்கலைக் கழகத்திலே ஆண்டுக்கணக்கில் அந்த நிதியே ஊதியம் வழங்கியது. அந்த ஹாயக்கை 1945இல் இலண்டனிலே சந்தித்தார் ஆண்டனி பிஷர் என்ற ஆங்கிலேயர். அரசியலிலே குதிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அறிவாளிகளிடையே கருத்தைப் பரப்புங்கள், அரசியல்வாதி பின்னாலே வருவான் என்றார் ஹாயக். பிஷர் கோழிப் பண்ணை நடத்திப் பெரும் பொருள் ஈட்டினார். 1955இல் ஒரு பொருளாதாரக் கருத்து நிலையத்தைத் தொடங்கினார். 1979இல் பிரிட்டனிலே மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்தபோது, அந்த நிலையம் இருபத்து நான்கு ஆண்டுகளாக விதைத்தது அறுவடைக்கு வந்தது. விதைத்தவன் பெயர் வாக்குச் சீட்டிலே எங்கும் இல்லை.

அமெரிக்காவிலே ஒரு தடை எழுந்தது. போர்டு அறக்கட்டளை 1967இல் கிளீவ்லாந்து நகரிலே கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்ய உதவியது. அவ்வாண்டே அந்நகரம் கார்ல் ஸ்டோக்ஸ் என்ற கறுப்பினத்தவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. சினந்தது ஒரு சாரார். 1969இல் வரிச் சட்டம் திருத்தப்பட்டது: தனியார் அறக்கட்டளைகள் சட்டமன்றத்தாரை வளைக்கும் வேலைக்கும், வேட்பாளருக்கு ஆதரவான வேலைக்கும் பணம் தரக்கூடாது. ஆனால் 'கல்வி', 'ஆராய்ச்சி' என்ற வாயில்கள் திறந்தே இருந்தன. சட்டம் தெருக் கதவைச் சாத்தியது. தோட்டக் கதவை மறந்தது.

அந்தத் தோட்டக் கதவு வழியே ஓர் ஊர்வலமே சென்றது. 1971 ஆகஸ்டிலே, லூயி பவல் என்ற வழக்கறிஞர், வணிகர் தற்காப்புக்காகக் கல்லூரியையும் ஏட்டையும் நீதிமன்றத்தையும் நோக்கித் திரள வேண்டும் என்று வணிகர் மன்றத்துக்கு ஒரு மடல் தீட்டினார்; மறு ஆண்டின் தொடக்கத்திலே உச்ச நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தார். 1973இல் மது ஆலையதிபர் கூர்ஸ் தந்த 2,50,000 டாலருடன் ஹெரிட்டேஜ் நிறுவனம் எழுந்தது. துப்பாக்கியும் இரசாயனமும் விற்ற ஆலினின் அறக்கட்டளை, 2005இல் தன் கதவை மூடும்வரை, 37 கோடி டாலர் அளவுக்கு வழங்கியது. பெரும் பல்கலைக் கழகங்களின் சட்டக் கல்லூரிகளிலே, சட்டத்தைப் பொருளாதாரத் தராசிலே நிறுக்கும் பாடத்துக்கு இடம் பிடித்துத் தந்தது அந்தப் பணம். 1982இல் பிறந்த 'பெடரலிஸ்ட் கழகம்' என்ற சட்ட மாணவர் அமைப்பைத் தொட்டிலிலே தாலாட்டியதும் அதுவே. அன்றைய மாணவர் அமைப்பின் உறவினரே இன்று உச்ச நீதிமன்றத்திலே தீர்ப்பு எழுதுகின்றனர்.

கோக் சகோதரர்களின் கதை இன்னும் தெளிவானது. எண்ணெய்த் தொழிலிலே பெரும் செல்வர்கள். அண்ணன் சார்லசின் ஆதரவிலே கேட்டோ நிலையம் 1977இல் தோன்றியது. தம்பி டேவிட் 1980இல் துணைத் தலைவர் பதவிக்கு வெளிப்படையாகவே போட்டியிட்டார். மக்கள் தந்தது நூற்றுக்கு ஒரு வாக்கு! ஆனால் 1984 முதல், பெயரிலே 'குடிமக்கள்' என்ற சொல்லைத் தாங்கிய அமைப்பையும், 2004இல் அதன் வழிவந்த மற்றொன்றையும் அவர்கள் நடத்தியபோது, சட்டமன்றங்கள் செவி சாய்த்தன. நூற்றுக்கு ஒன்று பெற்ற கருத்து, நூறு நிலையங்களின் வாயாலே பேசப்பட்டபோது நாட்டின் கருத்துப் போலவே ஒலித்தது. கோலைக் கையிலே பிடிக்கத் தேர்தல் தேவை. கோலைப் பிடித்த கையைத் திருப்பக் கொடை போதும்!

'இது வலதுசாரியின் சூழ்ச்சி மட்டும். நம்மைப் போன்ற முற்போக்காளருக்கு உதவும் செல்வரும் உண்டே' என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு. சார்லஸ் கார்லண்ட் என்ற இளைஞர், ஏறத்தாழ பத்து இலட்சம் டாலர் பரம்பரைச் சொத்தைத் தான் உழைத்துப் பெறாதது என்று சொல்லி ஏற்க மறுத்தார். பின்னர் 1922இல் பொதுத் தொண்டு நிதியாக்கினார். 1930இல் அந்த நிதி, கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கத்துக்கு, நிற ஒதுக்கலை நீதிமன்றத்திலே எதிர்க்க 1,00,000 டாலர் ஒதுக்கியது. பொருளாதார மந்தத்தாலே ஒரு பகுதிதான் கைக்கு வந்தது. அந்த வித்து, 1954இல் பள்ளிகளிலே நிற ஒதுக்கல் செல்லாது என்ற தீர்ப்பாக மரமானது. மகத்தான வெற்றி! எனினும், கறுப்பின மக்கள் அன்று முதன்மையாகக் கருதியது கும்பல் கூடி அடித்துக் கொல்லும் கொடுமையை ஒழிப்பதைத்தான், சங்கத்தின் கவனம் கல்வி வழக்கின் பக்கம் திரும்பியதிலே நிதி தந்தோரின் விருப்பத்துக்கும் பங்குண்டு என்று 2019இல் ஓர் ஆய்வாளர் வாதிட்டார். கொடுத்தவர் நல்லவர், கொள்கை நல்லது, அப்போதும் எதை முதலிலே கேட்பது என்பதைக் கேட்பவன் முடிவு செய்யவில்லை! நம் பக்கம் வரும் பணத்தையும் இந்த அளவுகோலால் அளக்காவிட்டால், எதிர்ப்பக்கத்துப் பணத்தைக் குறை கூறும் தகுதி நமக்கு இல்லை.

செல்வனுக்கும் கருத்துரிமை உண்டு என்பர். உண்டு, ஏழைக்கு உள்ள அளவு உண்டு. ஒருவன் தன் குரலாலே பேசட்டும். ஆயிரம் குரல்களை வாடகைக்கு எடுத்து, அவை தாமாகப் பேசுவன என்று உலகை நம்பச் செய்வது உரிமையன்று. அதிலும், அறக்கொடைக்கென்று அரசு விட்டுக்கொடுக்கும் வரி யாருடையது? பொதுமக்களுடையது. சீமான் தன் கருத்தைப் பரப்ப, அந்தக் கருத்தாலே கூலி குறைந்தவனும் பங்கு செலுத்துகிறான்!

லட்லோத் தொழிலாளரின் வேலை நிறுத்தம் 1914 டிசம்பரிலே முடிந்தது. தோற்றது நியாயமில்லாததாலா? இல்லை, சங்கத்தின் பணம் தீர்ந்ததாலே. அறக்கட்டளையின் மூலதனமோ தீர்வதில்லை. வட்டியிலே வாழ்கிறது, நிறுவியவன் மாண்ட பின்னும் பேசுகிறது. அந்த இரண்டுக்கும் இடையே துலாக்கோலைச் சமமாக நிறுத்துவதே மக்களாட்சியின் கடமை. யார் கொடுத்தது, எவ்வளவு கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்பவற்றை ஒளிவுமறைவின்றி ஊரறியச் செய்யும் சட்டம் வேண்டும். அதைவிட மேலாக, இயக்கங்கள் உறுப்பினரின் சிறு காசிலே நிற்கும் துணிவு வேண்டும்.

1918இல் லட்லோவிலே அந்தக் குழியின் அருகே ஒரு கற்சின்னம் எழுந்தது. எழுப்பியது ராக்பெல்லர் அறக்கட்டளை அன்று. சுரங்கத் தொழிலாளர் சங்கம். கரி படிந்த கைகள் தந்த காசிலே எழுந்த கல் அது. அந்தக் கல்லிலே எதை எழுத வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டளையிட எவருக்கும் உரிமை இருக்கவில்லை.