குழுவாய்க் கற்கும் கதைக்கலை



கல்லூரியின் முதலாண்டில் அடியெடுத்து வைக்கும் மாணவர்க்கு இப்பொழுது ஒரு புதுவகைப் பயிற்சி தரப்படுகிறது. நால்வர் ஐவராகக் குழு சேர்ந்து ஓர் உண்மைக் கதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைத் தம் குரலில் பேசிப் பதிவு செய்ய வேண்டும். நிழற்படங்களும் சிறிது இசையும் இணைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடும் படமாக்கித் தர வேண்டும். இதனை இலக்கவியல் கதைசொல்லல் என்று வழங்குகின்றனர். கணினியும் கைத்தொலைபேசியும் கொண்டு செய்வதால், இது நேற்றுப் பிறந்த கலை என்று எண்ணத் தோன்றும். ஆனால் இதன் வேர்கள் பழையவை. அவற்றுள் ஒன்று நம் தமிழ் மண்ணிலேயே ஊன்றியிருக்கிறது. அந்த வரலாற்றையும், நம் மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களுக்கு இக்கலை ஏன் இன்று அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதையும் சிறிது காண்போம்.

முதலில் குழுவாய்க் கற்றலை எடுத்துக்கொள்வோம். நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இருந்தான். மூத்த மாணவனாகிய அவன் இளையோர்க்கு மணலில் எழுத்து எழுதிக் காட்டுவான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இருந்த இல்லத்திற்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் பொறுப்பேற்றார். நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் இல்லத்தில் செயற்படுத்தினார். 1797இல் இலண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரால் அது உலகின் பல பாகங்களிலும் பரவிற்று.

அடுத்த நூற்றாண்டின் இறுதியில், 1896இல், அமெரிக்கக் கல்வியறிஞர் ஜான் டியூயி சிகாகோ பல்கலைக்கழகத்தில் சோதனைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகள் சமைத்தும் நெய்தும் தச்சுவேலை செய்தும் கணக்கும் வரலாறும் கற்றனர். அவர் வழிவந்த வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் ‘செயல்திட்ட முறை’ என்னும் கட்டுரையை வெளியிட்டார். நோக்கமுள்ள ஒரு செயலை முழுமனத்தோடு சேர்ந்து செய்யும்போதுதான் கல்வி நிலைக்கும் என்பது அவர் கருத்து. இன்று கல்லூரிகளில் குழுப்பணி என்று நாம் காண்பதற்கு இதுவே அடிப்படை.

அதே 1896ஆம் ஆண்டு மலாக்காவிலும் ஒரு தொடக்கம் நிகழ்ந்தது. டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர், புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவில் வாணிக நோக்கோடு எழுந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. பால்மரம் பெருகப் பெருகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்து குவிந்தனர். லயங்கள் எழுந்தன, லயங்களுக்கு அருகே பள்ளிகளும் எழுந்தன. ஆனால் டியூயி கண்ட பள்ளி வேறு, நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பள்ளி வேறு. கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் வந்து எழுத்துச் சொல்லித் தருவது அந்நாளில் பல தோட்டங்களில் வழக்கம். வாய்ப்பாடும் மனப்பாடமுமே கல்வியாய் இருந்தன. பிள்ளைகளின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அப்பள்ளியில் எவரும் கேட்டதில்லை.

இனி, கதை சொல்லும் கலைக்கு வருவோம். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் டேனா அட்ச்லி என்ற அமெரிக்கக் கலைஞர், தம் குடும்பப் படங்களையும் பழைய ஒளிக்காட்சிகளையும் கணினியில் ஏற்றி, மேடையில் நின்று தம் வாழ்க்கைக் கதையைச் சொல்லி வந்தார். நாடகத் துறையைச் சேர்ந்த ஜோ லாம்பர்ட் அவருடன் இணைந்தார். 1994இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கிற்று. 1998இல் அது பெர்க்லி நகரில் இலக்கவியல் கதைசொல்லல் மையமாக மலர்ந்தது. அங்கே பயில வருவோர் உடனே கணினியைத் தொடுவதில்லை. முதலில் வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தம் கதையைச் சொல்ல, மற்றவர் செவிமடுப்பர். கதை வட்டம் என்று அதற்குப் பெயர். எழுத்தும் குரற்பதிவும் படத்தொகுப்பும் அதன் பிறகே.

பிரிட்டனில் வேல்ஸ் நாட்டு மக்களின் கதைகளைச் சேகரிக்க, 2001 முதல் 2008 வரை பிபிசி நிறுவனம் ஒரு திட்டம் நடத்திற்று. அதற்கு வழிகாட்டிய நிழற்படக் கலைஞர் டேனியல் மெடோஸ் ஓர் அளவு வகுத்தார்: ஏறத்தாழ 250 சொற்கள், ஒரு டசன் படங்கள், இரண்டு நிமிடம். வெண்பாவுக்கு அடியும் சீரும் போல இக்கலைக்கு இந்த அளவு. சுரங்கத் தொழிலாளியும் இல்லத்தரசியும் இந்த அளவுக்குள் தம் வாழ்வை அடக்கிச் சொல்ல முடிந்தது.

நம் மாநிலமும் இத்துறைக்குப் புறம்பானதன்று. 1996இல் அமைக்கப்பட்டு, மலாக்கா புக்கிட் பெருவாங்கில் வளாகம் கொண்ட டெலிகோம் பல்கலைக்கழகம், பின்னர் மல்டிமீடியா பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. சைபர்ஜெயாவிலும் வளாகம் கொண்ட அப்பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் மாய் நியோ, ட்சே கியான் நியோ ஆகியோர், மாணவர் குழுவாகச் சேர்ந்து பல்லூடகப் படைப்புகளை உருவாக்கும்போது எவ்வாறு கற்கின்றனர் என்று ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியுள்ளனர். புக்கிட் லிந்தாங்கில் முதல் கன்று ஊன்றப்பட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, அதே மாநிலத்தில் கணினிக் கல்வியின் கன்றும் ஊன்றப்பட்டது எனலாம்.

இப்பயிற்சி நடைபெறும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஜாசின் வட்டாரத்தில் ஐந்து மாணவர்கள் ‘தோட்ட வரலாறு’ என்று தலைப்பிட்டு வருகின்றனர் என்று கொள்வோம். மூன்று நிமிடத்தில் நூறாண்டைச் சொல்ல இயலாது. எனவே ஆசிரியர் அவர்களை ஒரு பொருளுக்குக் கொண்டுவர வேண்டும். பால்வெட்டும் உளி, மங்கு, விடியற்காலைப் பெரட்டு, ஆயாக்கொட்டகை — இவற்றுள் ஒன்று போதும். அல்லது தோட்டத்துப் பள்ளி பட்டணத்துக்கு மாறிய கதையாகவும் இருக்கலாம்.

பள்ளிக் கதையைத் தேர்ந்துகொண்டால், முதியவர் இருவரைக் கேட்பர். ஒருவர் ஓர் ஆண்டைச் சொல்வார். மற்றவர் வேறோர் ஆண்டைச் சொல்வார். குழுவுக்குள் வாதம் எழும். அப்பொழுதுதான் வரலாற்றுப் பாடம் தொடங்குகிறது. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் பழைய கட்டடம் மூடப்பட்ட நாளையும், மற்றவர் புதிய கட்டடம் திறக்கப்பட்ட நாளையும் நினைவில் வைத்திருக்கலாம். இருவரும் மெய்யே சொன்னார்கள் என்பது அப்பொழுது புலப்படும். நினைவையும் ஏட்டையும் ஒப்புநோக்கும் இப்பழக்கத்தைப் பாடநூல் மட்டும் படித்துப் பெறுவது அரிது.

குழுப்பணியில் ஒரு குறை உண்டு. கணினி தெரிந்த ஒருவனே எல்லாவற்றையும் செய்து முடிக்க, மற்றவர் பெயர் மட்டும் கொடுப்பர். இதற்கு மாற்றாக நாம் பரிந்துரைப்பது இது: கேள்வி கேட்பவர், குறிப்பெடுப்பவர், எழுதுபவர், குரல் கொடுப்பவர், தொகுப்பவர் என்று பணி பிரித்து, நடுவில் ஒருமுறையேனும் பணியை மாற்றித் தர வேண்டும். மதிப்பெண்ணில் ஒரு பாதியை முடிந்த படத்திற்கும், மறுபாதியை ஒவ்வொருவரின் குறிப்பேட்டிற்கும் வழங்கலாம்.

மற்றொன்றும் கற்பிக்கத்தக்கது. சயாம் மரண இரயில் பாதைக்குப் போன தந்தை திரும்பாத கதையை ஒரு பாட்டி மனம் திறந்து சொல்லிவிட்டு, “இது நம்மோடு இருக்கட்டும் தம்பி” என்று முடித்தால், அப்பதிவை அழித்துவிட வேண்டும். மதிப்பெண் குறைந்தாலும் சரியே. கதை அதனைச் சொன்னவர்க்கு உரியது. பிறர் துயரைக் காட்சிப் பொருளாக்கக் கூடாது என்பதை முதலாண்டிலேயே கற்றுக்கொண்ட மாணவன், பின்னாளில் எந்தத் தொழிலுக்குப் போனாலும் நல்ல மனிதனாய் விளங்குவான்.

நேயர்களே, அவசரம் என்று தொடக்கத்தில் சொன்னோமே, அதன் காரணம் இதுதான். தோட்டங்களின் வரலாறு ஏக்கர்க் கணக்காகவும் விளைச்சல் கணக்காகவும் நிறுவன ஏடுகளில் பதிவாகியுள்ளது. பால்வெட்டியவர்களோ செக்ரோலில் பெயராக மட்டும் நின்றார்கள். உதவி பெற்றுக் கப்பலேறும் தொழிலாளர் வரவை இந்திய அரசு 1938இல் நிறுத்திற்று. அதற்கு முன் வாலிபராய் வந்திறங்கியவர்கள் இன்று நம்மிடையே இல்லை. சயாம் இரயில் பாதை போடப்பட்ட 1942, 1943ஆம் ஆண்டுகளில் பத்து வயதுச் சிறுவராய் இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். பால்மரம் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்களிலும் வீடமைப்புத் திட்டங்கள் வருகின்றன. நாட்டின் விடுதலையின் போது எண்ணூறுக்கும் மேலாயிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. லயம் இடிந்தால் அதன் படமாவது எஞ்சும். அங்கு வாழ்ந்தவரின் குரலோ, இன்று பதிந்தாலன்றி நாளை கிடைக்காது.

ஆகவே கல்லூரியில் இக்கலையைப் பயிலும் நம் பிள்ளைகள், விடுமுறைக்கு வீடு திரும்பும்போது தாத்தா பாட்டியின் அருகே சற்று நேரம் அமரட்டும். கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டு முதலில் காது கொடுத்துக் கேட்கட்டும். பின்னர் அவர்களின் இசைவைப் பெற்றுப் பதிவு செய்யட்டும். சொன்னவர் பெயர், ஊர், நாள் ஆகிய மூன்றையும் மறவாது குறிக்கட்டும். முடிந்த படத்தைக் கதை சொன்னவருக்கே முதலில் போட்டுக் காட்டட்டும். ஒரு படியை அவரவர் ஊர்த் தமிழ்ப்பள்ளி நூலகத்திற்கும் வழங்கினால், அடுத்த தலைமுறை தன் பாட்டனின் குரலைக் கேட்டு வளரும்.